வீட்டுக் கணினியில் ஒட்டிக்கொண்ட விளம்பர நிரலை வேரோடு எடுக்கும் முறை

மலேசியாவில், பினாங்கின் பிறை என்ற ஊரில் என் அக்கா வீட்டில் இருப்பது ஒரே ஒரு மேசைக் கணினி. ஹாலில், சாமி மேடைக்கு எதிர்ச் சுவரோரம் இருக்கும். வீட்டில் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் அதுதான். அத்தான் வங்கிக் கணக்கும் கரண்ட் பில்லும் பார்ப்பார். பெரியவள் படிவம் 5. எஸ்பிஎம் தேர்வுப் பயிற்சித் தாள்களை அதில்தான் இறக்கிப் படிக்கிறாள். சின்னவன் தமிழ்ப்பள்ளியில் 5-ஆம் ஆண்டு. அக்கா தடிகாவில், அதாவது பாலர் பள்ளியில், ஆசிரியை. பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டக் கொடுக்கும் படங்களை அதில் தேடி எடுப்பார். ராத்திரி எட்டரைக்கு மேல் அது பாட்டிக்கு. பாட்டி என்றால் அத்தானின் அம்மா. தமிழ்நாட்டு நாடகம் இரண்டாவது பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா ஃபோன் செய்தார். "தம்பி, குரோமைத் திறந்தா கூகுள் வரமாட்டேங்குது, பூதக்கண்ணாடிப் படம் போட்ட வேற என்னமோ பக்கம் வருது. கடையில குடுத்து 80 வெள்ளி கட்டிச் சரி பண்ணோம். ரெண்டே நாள்ல மறுபடியும் வந்துருச்சு."

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். பாலத்தைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. பசியாறிவிட்டு உட்கார்ந்தவன் மாலை நான்கு மணிக்குத்தான் எழுந்தேன். இந்த மாதிரி நிரல்கள் ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை. ஓரிடத்தில் வெட்டினால் இன்னோரிடத்திலிருந்து துளிர்க்கும். கடைக்காரர் வெட்டியது ஒரு கிளையை. எங்கெங்கே வேர் இருக்கும், எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்பதை அன்று நான் செய்தபடியே எழுதுகிறேன். விண்டோஸ் 11, குரோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்ஜ் பயன்படுத்துகிறவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே வழிதான்.

முதலில் கேளுங்கள், திட்டாமல்

மவுசைத் தொடுவதற்கு முன் வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டுப் பேசினேன். அத்தான் ஏற்கெனவே பிள்ளைகளைச் சத்தம் போட்டிருந்தார். அதனால் "நான் ஒண்ணும் அழுத்தல" என்பதுதான் எல்லோருடைய பதிலும். நான் அத்தானைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "யார் மேலேயும் தப்பு இல்லை. என்ன வந்துச்சு, எதை அழுத்துனீங்கன்னு தெரிஞ்சா எனக்கு வேலை சீக்கிரம் முடியும்" என்றேன்.

பாட்டிதான் முதலில் சொன்னார். "நாடகம் பாக்குறதுக்கு முன்னாடி, நீ ரோபோ இல்லன்னா இதை அழுத்துன்னு கேட்டுச்சுப்பா. நான் ரோபோ இல்லையே, அழுத்துனேன்." அதோடு பெரியவள், பிடிஎஃப் கோப்பை வேர்டாக மாற்ற ஒரு இலவச நிரலை இறக்கியதைச் சொன்னாள். சின்னவன் கடைசியாக, குரல் இறங்கி, ரோபக்ஸ் என்ற விளையாட்டுக் காசு இலவசமாகக் கிடைக்கும் என்று ஏதோ ஒன்றைக் குரோமில் சேர்த்ததை ஒப்புக்கொண்டான்.

மூன்று கதவுகள். மூன்றும் வெவ்வேறு. இந்தப் பத்து நிமிடப் பேச்சு இல்லையென்றால் நான் ஒன்றை மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

இவையெல்லாம் எதற்காக வருகின்றன என்பதையும் அவர்களுக்குச் சொன்னேன். நீங்கள் தேடும் ஒவ்வொரு சொல்லையும் தங்கள் பக்கம் வழியாகத் திருப்பிவிட்டால், அதில் வரும் விளம்பரத்துக்கு அவர்களுக்குக் காசு. அதனால்தான் கூகுளில் தேடினால் தெரியாத ஒரு பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் வந்து போய், கடைசியில் யாஹூவிலோ பிங்கிலோ போய் நிற்கும். கணினியை உடைப்பது அவர்கள் நோக்கம் இல்லை, அதிலேயே தங்கியிருப்பதுதான். அதனால்தான் இவ்வளவு பிடிவாதம்.

தொடங்குவதற்கு முன் இரண்டு காரியம். சுத்தமாகும்வரை அந்தக் கணினியில் வங்கி வேலை வேண்டாம். அப்புறம், படங்களையும் பள்ளிக் கோப்புகளையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். இறக்கிய நிரல்களை நகல் எடுக்க வேண்டாம், நோய் அதோடு சேர்ந்து போகும்.

மூலையில் எட்டிப் பார்க்கும் பெட்டிகள்

திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று சிவப்பாக வந்துகொண்டிருந்தது. பார்த்தால் வைரஸ் மாதிரிதான் இருக்கும். பெரும்பாலும் அது நிரலே இல்லை. ஒரு வலைத்தளத்துக்கு நாம் கொடுத்த அனுமதி, அவ்வளவுதான். பாட்டி அழுத்திய 'அலவ்' பொத்தான் அந்த அனுமதியைத்தான் கொடுத்தது. திருட்டுத்தனமாக நாடகமும் படமும் காட்டுகிற தளங்களில் இது அன்றாடம்.

குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு செட்டிங்ஸ், அதில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். அக்கா வீட்டில் பதினேழு. அதில் தெரிந்த பெயர் இரண்டுதான். மீதியை ஒவ்வொன்றாக நீக்கினேன். அதே பக்கத்தில் மேலே, எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்பக் கேட்கவே கூடாது என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள். பாட்டிக்கு 'அலவ்' என்றால் என்னவென்று விளக்குவதைவிட, அந்தக் கேள்வியே அவர் முன்னால் வராமல் செய்வது மேல்.

மூலைப் பெட்டி அதோடு நின்றது. பல வீடுகளில் தொல்லையில் பாதி இத்துடன் முடிந்துவிடும்.

சில நேரம் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, சைரன் சத்தத்தோடு, "இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள்" என்று வரும். அழைக்கவே கூடாது. எஸ்கேப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். போகவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் குரோமை முடித்துவிடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நிறுவிய நிரல்கள்

விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் இன்ஸ்டால்டு ஆப்ஸ். பட்டியலை நிறுவிய தேதிப்படி அடுக்குங்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், தேதியைப் பாருங்கள். பெரியவள் பிடிஎஃப் மாற்றியை இறக்கிய அதே நாளில், ஒரே நிமிடத்தில் இன்னும் மூன்று நிரல்கள் நிறுவப்பட்டிருந்தன. ஒன்று டிரைவர் புதுப்பிப்பதாகச் சொல்வது, ஒன்று கணினியை வேகமாக்குவதாகச் சொல்வது, ஒன்று வானிலை காட்டுவது. அவள் கேட்டது ஒன்று, வந்தது நான்கு. நான்கையும் எடுத்தேன்.

எடுக்கும்போது நிதானம் வேண்டும். இந்த நிரல்கள் வெளியேறும்போதும் வம்பு பண்ணும். பெரிய வண்ணப் பொத்தான் "வைத்துக்கொள்" என்றும், அடியில் மங்கலான சின்ன எழுத்து "நீக்கு" என்றும் இருக்கும். ஒவ்வொரு பெட்டியையும் முழுதாகப் படித்துவிட்டு அழுத்துங்கள். நீக்க முடியாமல் அடம்பிடித்தால், ஷிஃப்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்குப் போய் மறுபடி முயலுங்கள்.

எக்ஸ்டென்ஷன்

எக்ஸ்டென்ஷன் என்பது குரோமோடு ஒட்டிச் சேரும் சிறு நிரல். மூன்று புள்ளியில் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தாலும் எடுங்கள், தேவைப்பட்டால் திரும்பச் சேர்க்க அரை நிமிடம் போதும். சின்னவனின் ரோபக்ஸ் இங்கேதான் இருந்தது. ஆனால் அதன் 'ரிமூவ்' பொத்தான் வேலை செய்யவில்லை. மூன்று புள்ளிப் பட்டியலின் அடியில் "மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்" என்று ஒரு வரி.

வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம்? ஒரு நிரல் தன்னை அலுவலக நிர்வாகி போலக் காட்டி, "இந்த எக்ஸ்டென்ஷனை யாரும் எடுக்கக் கூடாது" என்று விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கட்டளை எழுதிவைத்திருக்கிறது என்று அர்த்தம். அவசரப்பட வேண்டாம், நல்ல காரணத்தாலும் இந்த வரி வரலாம். பிள்ளை கல்வி அமைச்சின் டெலிமா கணக்கில் குரோமுக்குள் நுழைந்திருந்தால் வரும். சில வைரஸ் தடுப்பு நிரல்களாலும் வரும். தெளிவாகத் தெரிந்துகொள்ள, முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று இடைவெளி விடாமல் அடியுங்கள். எந்தக் கட்டளை ஓடுகிறது என்று அந்தப் பக்கம் காட்டும். "எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்" என்ற பெயரும், எதிரே பொருள் புரியாத நீளமான எழுத்துக் கோவையும் இருந்தால் ஆள் அகப்பட்டான்.

அதை எடுக்க ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறக்க வேண்டும். ஹெச்கீ லோக்கல் மெஷின், அதில் சாஃப்ட்வேர், அதில் பாலிசீஸ், அதில் கூகுள், அதில் குரோம். முதலில் அந்தக் குரோம் கோப்புறையை எக்ஸ்போர்ட் செய்து ஓரிடத்தில் வைத்துவிட்டு, பிறகு அழியுங்கள். ஹெச்கீ கரன்ட் யூசரிலும் இதே பாதையில் ஒரு தடவை பாருங்கள். பக்கத்தில் இருக்கும் வேறு எதையும் தொட வேண்டாம். கை நடுங்கினால் இந்த ஒரு படியை மட்டும் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். கணினியை மறுதொடக்கம் செய்தபோது அந்த வரி மறைந்திருந்தது, ரிமூவ் பொத்தானும் வேலை செய்தது.

கடைசியாக, செட்டிங்ஸில் ரீசெட் செட்டிங்ஸ் கொடுங்கள். முகப்புப் பக்கமும் தேடல் பொறியும் பழைய நிலைக்கு வரும். புக்மார்க்கும் சேமித்த கடவுச்சொல்லும் போகாது.

ஸ்கேன்

பழைய வழிகாட்டிகள் சில, குரோமுக்குள்ளேயே தீங்கு நிரலைத் தேடும் வசதி இருப்பதாகச் சொல்லும். அதை 2023 மார்ச்சில் வந்த 111-ஆம் பதிப்போடு கூகுள் எடுத்துவிட்டது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நான் பயன்படுத்தியது ஆட்வ்கிளீனர். இலவசம், நிறுவவும் தேவையில்லை, விளம்பர நிரல்களுக்கென்றே செய்தது. 2016-இல் மால்வேர்பைட்ஸ் நிறுவனம் அதை வாங்கிவிட்டதால் அவர்களுடைய தளத்தில்தான் எடுக்க வேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தேடலையே திருப்பிவிடும் கணினியில், துப்புரவு நிரலைத் தேடி இறக்கினால் வருவது எதுவாகவும் இருக்கலாம். நான் என் மடிக்கணினியில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுபோனேன். ஸ்கேன் கொடுத்ததும் முப்பதுக்கு மேல் கண்டுபிடித்தது. எல்லாவற்றையும் குவாரன்டைன் செய்து மறுதொடக்கம்.

அதன்பின் விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ், அதில் டிஃபென்டர் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடுவதால் ஒளிந்திருப்பதற்கு நேரம் கிடைக்காது. சுமார் 15 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில்தான் நான் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தது

எல்லாம் முடிந்தது என்று நினைத்து, மேசையில் இருந்த குரோம் படத்தை இரண்டு தட்டு தட்டினேன். அதே பூதக்கண்ணாடிப் பக்கம் வந்து நின்றது.

செட்டிங்ஸில் எல்லாம் சரியாகவே இருந்தது. அப்போதுதான் ஷார்ட்கட்டைப் பார்க்கத் தோன்றியது. படத்தின் மேல் வலது கிளிக், பிராபர்ட்டீஸ், ஷார்ட்கட், அதில் டார்கெட் என்ற கட்டம். கர்சரை அந்தக் கட்டத்துக்குள் வைத்து எண்ட் பொத்தானை அழுத்துங்கள். வரி நீளமாக இருப்பதால் முடிவு கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் எண்ட். குரோம், புள்ளி, இஎக்ஸ்இ, ஒரு மேற்கோள் குறி. வரி அங்கே முடிய வேண்டும். இந்த ஷார்ட்கட்டில் மேற்கோள் குறிக்குப் பிறகு ஓர் இடைவெளி, அப்புறம் ஒரு வலைத்தள முகவரி. குரோம் திறக்கும்போதெல்லாம் அதையும் சேர்த்துத் திற என்று அதற்கு அர்த்தம். ஸ்கேன் செய்த நிரல் இதைக் கண்டுகொள்ளவில்லை. மேற்கோள் குறிக்குப் பின் இருந்ததை அழித்து ஓகே கொடுத்தேன். இரண்டு சிறுகோட்டோடு தொடங்கி புரொஃபைல் என்று எழுதியிருந்தால் அது குரோம் தானே எழுதியது, விட்டுவிடலாம். டாஸ்க்பாரில் இருக்கும் படத்துக்கும் இதே சோதனை வேண்டும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு வலது கிளிக் செய்யுங்கள்.

அரை மணி கழித்து, யாரும் தொடாமலேயே ஒரு புதிய பக்கம் தானாகத் திறந்தது. சொல்லிவைத்த மாதிரி நேரத்துக்குத் திறந்தால் அது டாஸ்க் ஷெட்யூலர், குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் தேடலில் அந்தப் பெயரை அடித்துத் திறந்து, இடப்பக்கம் டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரியைத் தொட்டால் பட்டியல் வரும். ஒவ்வொன்றையும் தொட்டு ஆக்ஷன்ஸ் என்ற பகுதியைப் பாருங்கள். 'அப்டேட்டர்' என்று நல்ல பிள்ளை மாதிரி பெயர் வைத்துக்கொண்டு ஒன்று இருந்தது. அது ஓட்டும் கோப்போ, ஆப்டேட்டா கோப்புறைக்குள் கண்டபடி எழுத்துகளைக் கொட்டிய பெயரில் இருந்தது. டாஸ்க்கை அழித்தேன், அது காட்டிய கோப்புறையையும் அழித்தேன். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் ஆப்ஸ் பட்டியலையும் இதே கண்ணோடு பாருங்கள்.

கடைக்காரர் சுத்தம் செய்தபின் எப்படி இரண்டே நாளில் திரும்பியது? அதற்கு விடை இந்தக் கணினியிலேயே இல்லை. அக்காவிடம் தடிகா வேலைக்கென்று ஒரு மடிக்கணினி உண்டு. இரண்டிலும் அதே கூகுள் கணக்கில்தான் குரோம். சின்னவன் சேர்த்த எக்ஸ்டென்ஷன், ஒரே கணக்கில் உள்ள கணினிகளை ஒன்றுபோல வைக்கும் சிங்க் வழியாக அந்த மடிக்கணினிக்கும் போயிருந்தது. கடையிலிருந்து வந்ததும் அக்கா இங்கே மறுபடி கணக்கில் நுழைந்தார், அதுவும் கூடவே நுழைந்தது. கடைக்காரரிடம் இருந்தது ஒரு கணினிதான். இன்னொன்று இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதனால் ஒரே கணக்கைப் பயன்படுத்தும் எல்லாக் கணினியிலும் முதலில் சிங்க்கை நிறுத்துங்கள். ஒவ்வொன்றையும் சுத்தம் செய்யுங்கள். புக்மார்க், கடவுச்சொல் எல்லாம் கணினியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கூகுள் கணக்கில் சேமித்த சிங்க் தரவைப் பார்க்கும் பக்கத்தின் அடியில் 'டிலீட் டேட்டா' கொடுங்கள். அப்புறம்தான் சிங்க்கைத் திரும்பப் போட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் தேடல் திசை மாறினால், அதே வைஃபையில் உள்ள கைத்தொலைபேசிகளைப் பாருங்கள். அவற்றிலும் அதே கூத்து என்றால் சந்தேகம் ரூட்டர் மேல். வலைத்தளப் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்வது டிஎன்எஸ். அந்த எண்ணை மாற்றிவிட்டால் வீட்டுக்குள் வரும் எல்லாப் பாதையும் மாறும். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற நிரல் இப்படித்தான் உலகெங்கும் சுமார் 40 லட்சம் கணினிகளைத் திருப்பிவிட்டது. 2011 நவம்பரில் அமெரிக்க எஃப்பிஐ விசாரணையில் அந்தக் கும்பல் பிடிபட்டது. ரூட்டரை ரீசெட் செய்து, நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். கணினியில் பிராக்ஸி அமைப்பு (இணையத்தை இன்னொரு கணினி வழியாகத் திருப்புவது) அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எதற்கும் அசையவில்லை என்றால் 'ரீசெட் திஸ் பிசி'. கோப்புகளை வைத்துக்கொண்டு நிரல்களை மட்டும் துடைக்கும் தேர்வு அதில் உண்டு. இன்னும் விண்டோஸ் 10-இல் இருப்பவர்கள் இதையே சாக்காக வைத்து 11-க்கு மாறப் பாருங்கள். 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

வீட்டுக்குக் கிளம்பும் முன்

அத்தானின் வங்கிக் கடவுச்சொல்லையும் எல்லோருடைய மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் அவரவர் கைத்தொலைபேசியில் மாற்றச் சொன்னேன். அவர் கணக்கில் ஒன்றும் குறையவில்லை. உங்கள் கணக்கில் தெரியாத பணம் போயிருந்தால் கணினியைச் சுத்தம் செய்துகொண்டிருக்காதீர்கள். வங்கிக்கும் 997-க்கும் உடனே அழையுங்கள். 997 என்பது நம் நாட்டின் தேசிய மோசடி நடவடிக்கை மையம். ஒவ்வொரு நிமிடமும் கணக்குத்தான்.

பிள்ளைகளுக்கும் பாட்டிக்கும் தனித்தனிக் கணக்கு போட்டேன், மூன்றும் 'ஸ்டாண்டர்டு' வகை. நிர்வாகி உரிமை அக்காவிடம் மட்டும். எதையாவது நிறுவ முயன்றால் அக்காவின் கடவுச்சொல்லைக் கேட்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரௌசர் கண்ட்ரோலுக்குள், வேண்டாத நிரல்களைத் தடுக்கும் தேர்வில் இரண்டு கட்டத்தையும் டிக் செய்தேன். குரோமில் யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற விளம்பரத் தடுப்பியைச் சேர்த்தேன். பெரியவளுக்கு, வேர்டிலேயே பிடிஎஃப் கோப்பைத் திறந்து திருத்தலாம் என்று காட்டினேன். அவளுக்கு அது தெரிந்திருந்தால் பாதித் தொல்லை வந்தே இருக்காது.

பாட்டிக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். அவர் பார்க்கும் இரண்டு நாடகத்தையும் அந்தந்தத் தொலைக்காட்சியின் சொந்தத் தளத்தில் கண்டுபிடித்து, மேசையில் பெரிய படமாக வைத்தேன். ஒன்றுக்கு மாதச் சந்தா கேட்டது, அத்தான் மறுக்காமல் கட்டிவிட்டார்.

அடுத்த ஞாயிறும் போனேன். எக்ஸ்டென்ஷன் பட்டியல், பாலிசி பக்கம், டாஸ்க் ஷெட்யூலர் மூன்றையும் திறந்து பார்த்தேன். விட்டபடியே இருந்தன. மடிக்கணினியையும் பார்த்தேன், சுத்தம். நான் எழுந்து சாப்பிடப் போனபோது சின்னவன் உட்கார்ந்தான். ஐந்து நிமிடத்தில் அங்கிருந்தே குரல் கொடுத்தான். "மாமா, என்னமோ கேக்குது. அழுத்தவா?" கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். விண்டோஸ் அப்டேட். அழுத்தச் சொன்னேன்.